போணிக்கு முன் ஒரு முட்டை

தலைமையாசிரியை ஒரு தாளை எடுத்து மேசையின் இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தார். முட்டைக்காரி அதைத் தொடவில்லை. மொத்த வியாபார முட்டைக் கடையில் பதிமூன்று வருஷம் நின்ற பழக்கம் அது. எதிராளி நீட்டுகிற சரக்கைச் சட்டென்று கையில் வாங்கிவிட்டால் பாதி பேரம் அங்கேயே படிந்துவிடும்.

"நாற்பதுக்கு ஒன்பது," என்றார் தலைமையாசிரியை. "போன மாசம் பதினொண்ணு. அதுக்கு முந்தின மாசம் எட்டு. கணக்குப் பாடத்துல இந்தப் பொண்ணு நகரவே மாட்டேங்குது. திங்கக்கிழமையிலேருந்து ஆதரவுப் பிரிவுக்கு மாத்திடலாம்னு இருக்கோம்."

"ஆதரவுப் பிரிவுன்னா?"

"கொஞ்சம் மெதுவாப் புரியற பிள்ளைங்களுக்குத் தனி வகுப்பு."

"எங்க கடையிலயும் தனியா ஒரு மூலை இருக்கு டீச்சர். அதுக்குப் பேரு கழிவு."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மேசை சுத்தம், பேச்சு சுத்தம், ஆள் கெட்டவரில்லை. அதுதான் தொந்தரவு. கெட்ட ஆளென்றால் நாலு வார்த்தை கத்திவிட்டு எழுந்து போய்விடலாம். நல்லவரிடம் உட்கார்ந்துதான் பேசியாக வேண்டும்.

மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒழுங்கான பெயர் உண்டு. கடைத்தெருவில் யாருக்கும் அது தெரியாது. அங்கே அவள் சில்லறை. ஐந்து வயதில் மீதிக் காசை நொடியில் சொல்லிக் கொடுத்ததால் வந்த பட்டம். சாயந்தரம் வாடிக்கைக்காரர் யாராவது வந்து "பதினேழு அட்டை" என்றால், கீழே குந்தி பென்சில் சீவிக்கொண்டிருக்கிறவள் தலையைத் தூக்காமல் "ஐநூத்திப் பத்து முட்டை" என்பாள். "அதுல நாலு உடைசல்" என்று வம்புக்கு இழுத்தால் "ஐநூத்தி ஆறு. உடைசல நீங்களே வச்சுக்கங்க" என்பாள். அப்படிப்பட்டவளுக்கு நாற்பதுக்கு ஒன்பது!

"ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க," என்றார் தலைமையாசிரியை. "காலையில என்ன சாப்பிட்டுட்டு வர்றா?"

முட்டைக்காரிக்குச் சுள்ளென்று ஏறியது.

"என்ன கேக்குறீங்க? ரெண்டு அவிச்ச முட்டை, ரெண்டு துண்டு ரொட்டி. தினமும் என் கையால டப்பாவுல வச்சு அனுப்புறேன். ஊருக்கே முட்டை போடுறவ வீட்டுல பிள்ளை பட்டினியா? உங்க வகுப்பறையப் பாருங்க மொதல்ல. சன்னல் ஒண்ணு, அதுவும் சாத்தியிருக்கு. காத்து வராத எடத்துல முட்டையே கெட்டுப்போகும், பிள்ளைங்க மூளை என்னாகும்?"

"கேக்கணும்னு கேட்டேன்."

"கேட்டுட்டீங்க. இப்ப நான் கேக்குறேன். அந்த மார்க் நோட்டக் குடுங்க."

கொடுக்கலாமா கூடாதா என்று தலைமையாசிரியை யோசித்து முடிப்பதற்குள் நோட்டு இந்தப் பக்கம் வந்திருந்தது. அன்றாட வகுப்புக் கணக்குக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே எத்தனாவது பாடவேளை என்றும் குறித்திருந்தார்கள். முட்டைக்காரி மேசைமீதிருந்த பென்சிலைக் கேட்காமலேயே எடுத்து, ஒவ்வொரு மார்க்கையும் அதனதன் பாடவேளைக்குக் கீழே பிரித்துப் போட்டாள். பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று முட்டையைப் பிரித்துப் பிரித்துப் பழகிய கை. மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது.

"இங்க பாருங்க. மொத மூணு பாடவேளை: ரெண்டு, மூணு, ஒண்ணு, ரெண்டு. அப்புறம் இடைவேளை மணி அடிக்குறீங்க. அடிச்சவுடனே வர்ற பாடவேளை: எட்டு, ஒம்பது, ஏழு, எட்டு. அதுக்கு அடுத்தது மறுபடியும் ரெண்டு, மூணு. ஒரே பொண்ணு, ஒரே வாத்தியார், ஒரே கணக்கு. மந்த மூளைன்னா நாள் முழுக்க மந்தமா இருக்கணுமா இல்லையா? இதென்ன, இடைவேளைக்கு மட்டும் எந்திரிச்சு உக்கார்ற மூளை?"

தலைமையாசிரியை கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு குனிந்தார். மாதத் தேர்வு எப்போதும் முதல் பாடவேளையில், எட்டு மணிக்கு. இந்த ஒன்பது, பதினொன்று, எட்டு எல்லாமே எட்டு மணிக் கணக்கு. அவர் அதை இப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை. பார்த்ததில்லை என்று முகமும் சொல்லிவிட்டது.

"எங்க கடையில ஒரு பெட்டி இருக்கு. உள்ள விளக்கு, மேல ஒரு ஓட்டை," என்றாள் முட்டைக்காரி. "ஒவ்வொரு முட்டையையும் அந்த வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் நல்லதா கெட்டதான்னு சொல்லுவோம். வெளி ஓட்ட மட்டும் பாத்து ஒதுக்கினா கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதான். இன்னொரு தேர்வு வைங்க."

"அப்படியெல்லாம் தனியா ஒருத்திக்கு..."

"ஒரு மாசம் கழிச்சு."

"திங்கக்கிழமை வகுப்பு மாறுது."

"சரி, மூணு வாரம்."

"முடியாதுங்க."

முட்டைக்காரி எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். கிளம்புகிற மாதிரி கிளம்புவது பேரத்தில் ஒரு படி. கதவுவரை போய் நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரவில்லை. அட, இந்த அம்மாளுக்கும் வியாபாரம் தெரியும் போலிருக்கிறதே என்று நினைத்துத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"பத்து நாள்," என்றார் தலைமையாசிரியை. "இருபத்திநாலு எடுத்தா இதே வகுப்புல இருக்கட்டும். எடுக்கலைன்னா நீங்க மறுபேச்சுப் பேசாம கையெழுத்துப் போடணும்."

"பதினோரு மணிக்கு வைங்க."

"எட்டு மணிக்குத்தான். எல்லாப் பிள்ளைக்கும் எது நேரமோ அதுதான் உங்க பொண்ணுக்கும்."

அந்த ஒன்றில் மட்டும் அவர் இறங்கவே இல்லை. முட்டைக்காரியும் மேலே அழுத்தவில்லை. எதிராளி கையிலும் எதையாவது விட்டுவைத்தால்தான் பேரம் நிற்கும்.

அவள் வராந்தாவுக்கு வரவும் இடைவேளை மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கதவுகள் திறந்து பிள்ளைகள் கொட்டினார்கள். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் ஓரத்தில், சில்லறை காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் வகுப்புத் தோழி. எந்நேரமும் மொறுமொறுப்பான இனிப்புத் தின்பண்டப் பாக்கெட் ஒன்று கையில் இருப்பதால் அந்தப் பெண்ணுக்கு மொறுமொறு என்றே பெயர்.

"ரெண்டு முட்டை, ரெண்டு ரொட்டி. எடு பாக்கெட்ட," என்றாள் சில்லறை.

"ரொட்டி காஞ்சிருக்குடி."

"காஞ்சா என்ன, உனக்குப் பல்லு இல்லையா? உன் பாக்கெட்ல பாதி காத்து. நான் ஏதாவது சொன்னேனா?"

"முட்டையில ஒண்ணு சின்னதா இருக்கு."

"அப்ப பாக்கெட்ட நீயே வச்சுக்க. அடுத்த வகுப்புல கேக்குறதுக்கு ஆளு இருக்கு."

"சரி சரி, குடு."

முட்டைக்காரிக்கு நெஞ்சு விம்மியது. என்ன கறார், என்ன பிடிமானம்! இரண்டு விநாடிதான். மூன்றாவது விநாடியில் அந்த டப்பா எதுவென்று கண்ணில் பட்டது. காலை ஏழே காலுக்கு அவள் கையால் மூடிக் கொடுத்த டப்பா. எட்டு மணிக்குள் பஸ்ஸில் காலியாகியிருக்க வேண்டிய டப்பா. இப்போது பத்தரை.

"ஏண்டி, பஸ்ஸுல சாப்பிடலையா நீ?"

சில்லறை நிமிர்ந்தாள். அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் பார்த்த திகைப்பு ஒரு கணம். அப்புறம், இதைப் போய்க் கேட்கிறாயே என்ற முகம்.

"போணி ஆகலையேம்மா."

முட்டைக்காரி அவள் எதிரே குந்தினாள்.

அது கடையின் சட்டம். கடையைத் திறந்தபின் முதல் விற்பனை, அதாவது போணி, ஆகும்வரை வீட்டில் ஒருவர் வாயிலும் ஒரு துணுக்கு படக்கூடாது. மாமனார் போட்டது. அவர் போய்ச் சேர்ந்தபின் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பவள் அவருடைய மகள், முட்டைக்காரியின் நாத்தனார். கல்லாவும் அவள் பொறுப்பு, சட்டமும் அவள் பொறுப்பு. முதல் ஆள் வர எப்படியும் ஏழரை ஆகும். பள்ளி பஸ் வருவது ஏழு இருபதுக்கு. அதனால்தான் டப்பா. 'பஸ்ஸுல போறப்ப சாப்பிடு' என்று சொல்லி அனுப்பியதோடு முட்டைக்காரியின் மனசு அடங்கிவிட்டது. பஸ்ஸுக்கும் போணிக்கும் நடுவே இருந்தது பத்தே நிமிடம். நாற்பதில் முப்பத்தொன்று தொலைந்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

"கடையில போணி ஆகலைன்னா கடையிலதாண்டி சாப்பிடக்கூடாது. பஸ்ஸு என்ன கடையா?"

"அத்தைதான் சொன்னாங்க. சட்டம் கடைக்கு இல்ல, நமக்குத்தான்னு. எங்க போனாலும் போணி ஆனாத்தான் சாப்பாடுன்னு." சில்லறை சின்னக் குரலில் விளக்கினாள். "ஸ்கூல்ல எனக்கு விக்க என்ன இருக்கு? அதனால வாத்தியார் கேக்குற மொத கேள்விக்குச் சரியா பதில் சொன்னா அது போணின்னு வச்சுக்கிட்டேன். ஆனா ஆகவே மாட்டேங்குதும்மா. அவர் கேக்குறது காதுல விழுது. உள்ள போறதுக்குள்ள எங்கயோ போயிடுது. அப்புறம் மணி அடிச்சுடுது. அதான் முட்டைய வித்துடுறேன். வித்தா போணிதானே? அப்புறம் பாக்கெட்டச் சாப்பிடலாம்ல?"

"அந்த முட்டையையே சாப்பிட்டிருக்கலாமே!"

"வித்த சரக்க எப்படிம்மா திரும்ப எடுக்குறது?"

வியாபாரக் குடும்பத்தில் பிறக்காத ஒரு பிள்ளைக்கு இந்த யோசனை ஏழு ஜென்மத்துக்கும் தோன்றாது. ஊரில் மற்ற பிள்ளைகள் சாப்பாட்டைப் பிடிக்காமல் எறிவார்கள். இவள் ஒருத்திதான் நாணயம் தவறாமல் பட்டினி கிடந்திருக்கிறாள். இடைவேளைக்குப் பிறகு வந்த எட்டும் ஒன்பதும் அந்தப் பாக்கெட் மாவும் சீனியும் செய்த வேலை. முக்கால் மணி நேரம் பற்றவைத்த மாதிரி எரிந்துவிட்டு அடுத்த பாடவேளையில் புஸ்ஸென்று அணைந்திருக்கிறது.

பின்னால் தொண்டையைக் கனைக்கும் சத்தம். தலைமையாசிரியை வாசலிலேயே நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"சன்னல் சாத்தியிருக்குன்னு சொன்னீங்க," என்றார்.

"சாத்தித்தான் இருக்கு," என்றாள் முட்டைக்காரி. முகம் சிவந்திருந்தாலும் குரல் இறங்கவில்லை. "பேசினது பேசினதுதான் டீச்சர். பத்து நாள்."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, கடை வாசலில், தெரு பார்க்க, ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தட்டு வைத்தாள் முட்டைக்காரி. தட்டில் இரண்டு அவிச்ச முட்டை, ரொட்டி, ஒரு டம்ளர் பால். சில்லறையைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த நாத்தனார் இதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணை நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"சாப்பாடு அண்ணி."

"அது தெரியுது. போணி ஆச்சா?"

"ஆகல."

"அப்ப எடு உள்ள."

"எடுக்க மாட்டேன்."

அடுக்கிய அட்டைகளுக்குப் பின்னால் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கணவன், வண்டியில் ஏதோ மறந்துவிட்ட ஞாபகம் வந்தவனாகத் தெருக்கோடிக்கு நடந்தான்.

"எங்கப்பா நாப்பது வருஷம் இந்த எடத்துல வெறும் வயித்தோட நின்னாரு," என்றாள் நாத்தனார். "அந்த வயித்துல கட்டினதுதான் இந்தக் கடை. நேத்து வந்தவ நீ, தெருவப் பாத்துத் தட்டு போடுறியா?"

"நேத்து வரல அண்ணி, பதிமூணு வருஷம் ஆச்சு. உங்கப்பா நின்னாரு, மறுக்கல. அவருக்கு எட்டு மணிக்கு யாரும் பின்னக் கணக்கு குடுக்கல. இவளுக்குக் குடுக்குறாங்க. நாப்பதுக்கு ஒம்பது வாங்கியிருக்கா. இன்னும் ஒம்பது நாள்ல தேர்வு. தேறலைன்னா கழிவு மூலைக்குத் தள்ளிடுவாங்க. நான் ஒரு முட்டையக்கூட வெளிச்சத்துல பாக்காம கழிச்சதில்ல. பெத்ததையா கழிக்க விடுவேன்?"

"ஒரு முட்டை தின்னா பிள்ளை மேதாவி ஆயிடுமா?"

"ஆக வேணாம். கேட்ட கேள்வி உள்ள போனா போதும்."

இத்தனை பேச்சுக்கும் நடுவே சில்லறை தட்டைத் தொடவேயில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் யாராவது முட்டை வாங்க வருகிறார்களா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"சாப்பிடு."

"வேணாம்மா. யாரும் வரலைன்னா என்னாலதான்னு ஆயிடும்."

முட்டைக்காரி சட்டென்று குனிந்தாள். தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துப் பெட்டி விளிம்பில் தட்டினாள். ஓட்டை உரித்தாள். எதிர்க்கடைக்காரன் கதவைத் தூக்கியபடி பார்க்க, சுமை இறக்குகிற ஆள் பீடியைப் பாதியில் நிறுத்திப் பார்க்க, கல்லாவிலிருந்து நாத்தனார் வாயைத் திறந்தபடி பார்க்க, தெரு நடுவுக்கு இரண்டடி வந்து நின்று, முழு முட்டையையும் இரண்டே கடியில் தின்று தீர்த்தாள். பதிமூன்று வருஷத்தில் போணிக்கு முன் அவள் தொண்டையில் இறங்கிய முதல் சாப்பாடு. உப்புப் போட மறந்துபோயிருந்தது. இருந்தாலும் அமிர்தமாக இருந்தது.

"இப்ப என்னால ஆயிடுச்சு. உன்மேல ஒண்ணும் இல்ல. சாப்பிடு," என்றாள்.

சில்லறை சாப்பிட்டாள்.

சொல்லிவைத்த மாதிரி அன்றைக்கென்று பார்த்து ஒன்பதே கால்வரை ஒரு ஈ, காக்கை கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாத்தனார் சுவரிலிருந்த கடிகாரத்தை மட்டும் பத்து நிமிடத்துக்கொரு தடவை உரக்கப் படித்தாள். மூன்றாம் நாள் எட்டு அட்டை சரிந்து வாசல் முழுக்க மஞ்சளாக ஓடியது. ஐந்தாம் நாள் பழைய வாடிக்கை ஒருவர் விலை ஒத்துவராமல் முறைத்துக்கொண்டு போனார். எல்லாம் அந்த ஒரு முட்டையின் வேலை என்பதில் நாத்தனாருக்குச் சந்தேகமே இல்லை. நாலாம் நாள் வியாபாரம் இரட்டிப்பாக நடந்ததே, அதற்கு மட்டும் காரணம் வேறு.

"அது அப்பாவோட ஆசி," என்றாள்.

ஆறாம் நாள் காலை சில்லறை தட்டைத் தள்ளிவைத்தாள். "அத்தை அழுதாங்கம்மா ராத்திரி. எனக்கு வேணாம்."

இதுதான் முட்டைக்காரி பயந்த இடம். நாத்தனார் கத்தினால் திருப்பிக் கத்தலாம். அழுதால் என்ன செய்வது? ஆனால் பத்து நாளில் ஆறு போய்விட்டது. கையில் ஒரு சரக்கு இருந்தது. பல வருஷமாக வெளியே எடுக்காமல் பத்திரமாக வைத்திருந்த சரக்கு. நல்ல வியாபாரி அதைக் கடைசிவரை காட்ட மாட்டாள். கடைசி வந்துவிட்டதாக அவளுக்குப் பட்டது.

கல்லாப் பக்கம் போய், ஈரத்துணி ஒன்றை மேசைமீது வைத்தாள். குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்குக் கேட்காத மாதிரி சொன்னாள்.

"அண்ணி, கல்லாவோட கடைசி அறையில எறும்பு வருது. ரொம்ப நாளா வருது. காசுக்கு எறும்பு வராது. பிஸ்கட்டுக்கு வரும். தொடச்சு வச்சிடுங்க."

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்குச் சர்க்கரை இறங்கிடும்," என்றாள் கடைசியில். "வெறும் வயித்துல கண்ணு இருட்டிக்கிட்டு வரும். ரெண்டே ரெண்டுதான் போடுவேன்."

"தப்பே இல்ல அண்ணி. உங்களுக்குக் கண்ணு இருட்டுற மாதிரி அவளுக்கும் இருட்டுது. அவளுக்குக் கல்லா இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்."

நாத்தனார் ஈரத்துணியைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், சில்லறையைப் பார்த்தாள். "தெருவுக்கு முதுகக் காட்டிச் சாப்பிடச் சொல்லு," என்றாள்.

"முகத்தக் காட்டித்தான் சாப்பிடுவா. திருடியா சாப்பிடுறா?"

இந்த வார்த்தை எங்கே போய்ப் பட்டதோ, நாத்தனார் சடாரென்று எழுந்தாள். அறையை இழுத்து, பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, எல்லாரும் பார்க்கப் பெட்டிமேல் தட்டுக்குப் பக்கத்தில் டம்மென்று வைத்தாள்.

"இதையும் தின்னச் சொல்லு," என்றாள்.

"அது வேணாம் அண்ணி. சீனி ஏறினா ஏறின வேகத்துல இறங்கும். அந்த மாதிரி பாக்கெட்டத் தின்னுதான் அஞ்சாவது பாடவேளையில தூங்கிக்கிட்டிருந்தா."

"எனக்குத் தெரியாதா? எனக்கும் பத்து மணிக்குத் தூக்கம் வருது," என்றாள் நாத்தனார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனவள், திரும்பி வந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டாள். அன்றும் தெருக்கோடிக்கு நழுவியிருந்த கணவன் பத்திரமாகத் திரும்பி வந்தான்.

இடைவேளைக்கும் முட்டைக்காரி இப்போது தனியாக ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வறுத்த கடலையும் வைத்து அனுப்பினாள். "இத வித்தா காலை ஒடிப்பேன்," என்று ஒவ்வொரு நாளும் பஸ் கிளம்பும்வரை சொன்னாள்.

பத்தாம் நாள் எட்டு மணிக்குத் தேர்வு. பத்தே முக்காலுக்கு முட்டைக்காரி மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சில்லறை பக்கத்தில் நின்றாள். இந்தத் தடவை தலைமையாசிரியை தாளை நீட்டியபோது முட்டைக்காரி கை நீட்டிவிட்டாள், பழக்கமாவது ஒன்றாவது.

"இருபத்தெட்டு," என்றார் தலைமையாசிரியை. "ரெண்டு தடவை கூட்டிப் பாத்தேன்."

"நான் ஒரு தடவை கூட்டிக்கிறேன்." கூட்டினாள். இருபத்தெட்டுதான். ஒன்று கூட வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"பின்னக் கணக்கு எல்லாமே தப்பு," என்றார் தலைமையாசிரியை. "அது வயித்துல இல்ல. உக்காந்து படிக்கணும்."

"படிப்பா." முட்டைக்காரி மகளின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "முழு முட்டைய மட்டும் பாத்து வளந்தவ. உடைசலக் காட்டிச் சொல்லித் தர்றேன்." எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"சன்னலத் திறந்து வைக்கச் சொல்லிட்டேன்," என்றார் தலைமையாசிரியை. அவருக்கும் அன்றைக்கு மனசு லேசாக இருந்திருக்க வேண்டும். மேசைமீதிருந்த ஆதரவுப் பிரிவுப் பட்டியலில் சில்லறையின் பெயரை அடித்தார். அடித்த இடத்துக்குக் கீழே வேறொரு பெயரை எழுதத் தொடங்கினார்.

சில்லறை எட்டிப் பார்த்தாள். தலைகீழாக எழுத்தைப் படிப்பது கல்லாப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்குப் பெரிய காரியமில்லை.

"அம்மா, அது மொறுமொறும்மா!"

"யாரு?"

"என் முட்டைய வாங்குவாளே, அவ." சில்லறை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், அவ நல்லாப் போடுவா. இடைவேளைக்கு அப்புறம் கேட்டுப் பாருங்க."

"போடுவா, தெரியும்," என்றார் தலைமையாசிரியை. "கொஞ்ச நாளா அதுவும் இல்ல. எட்டு, ஒம்பது போட்டவ மூணு, நாலுன்னு இறங்கிட்டா. காலைத் தேர்வு எப்பவும் மோசம். இப்ப நாள் பூரா மோசம்."

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் முட்டைக்காரி.

"ஒரு ஒம்பது பத்து நாளா."

முட்டைக்காரி விரல்விட்டு எண்ணினாள்.

"அவ வீட்டுல காலைல எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க," என்றாள் சில்லறை. "பாக்கெட் மட்டும் வச்சிட்டுப் போவாங்க, அத இப்ப பஸ்ஸுலயே தின்னு தீத்துடுறா. அவ என் முட்டையத்தான் சாப்பிட்டுட்டிருந்தா. நான் விக்கிறத நிறுத்திட்டேன்."

முட்டைக்காரி தோளில் மாட்டிய பையைக் கழற்றினாள். நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தாள்.

"அந்தப் பேர எழுதாதீங்க டீச்சர்."

"அவ உங்க பொண்ணு இல்லையே."

"எங்க கடை வாடிக்கை. எங்க முட்டையத் தின்னு எட்டும் ஒம்பதும் வாங்கினவ. சரக்க நிறுத்தினது நாங்க. அவளக் கழிக்கிறதுக்கு நீங்க யாரு? நாளையிலேருந்து எங்க பொண்ணு டப்பாவுல நாலு முட்டை வரும். பஸ்ஸுலயே ரெண்டு பேரும் சாப்பிடுவாங்க. விலை கிடையாது, பாக்கெட்டும் கிடையாது."

"சரி," தலைமையாசிரியை பேனாவை மூடினார். "பத்து நாள். போதுமா?"

எடுத்த எடுப்பிலேயே ஒருவர் நியாயமான விலை சொல்லிவிட்டால் வியாபாரிக்கு வருகிற எரிச்சல் இருக்கிறதே, அது முட்டைக்காரிக்கும் வந்தது.

"பதினஞ்சு," என்றாள்.

"பதினஞ்சே இருக்கட்டும்."

"அப்புறம் இன்னொண்ணு. அந்த ஆதரவுப் பிரிவுல இப்ப எத்தனை பேரு?"

"பதினாலு."

"அந்தப் பதினாலு பேரும் எட்டு மணிக்கு எழுதித்தானே அங்க போனாங்க? காலைல என்ன சாப்பிட்டுட்டு வந்தீங்கன்னு அதுல ஒருத்தரையாவது கேட்டீங்களா?"

தலைமையாசிரியை பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்னைக் கேட்டீங்க. நான் சத்தம் போட்டேன். கேட்டது நீங்க சரி, சத்தம் போட்டது நான் தப்பு. ஒத்துக்குறேன். இப்ப போய் அவங்களையும் கேளுங்க. ஒவ்வொருத்தரையா வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. சத்தம் போடுறவங்க போடட்டும்."

"இன்னைக்கேவா?"

"மார்க் நோட்டயும் எடுத்துட்டு வாங்க. பிரிச்சுப் போட்டுத் தர்றேன். மூணு நிமிஷ வேலை."

தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே, பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, வேரோடிப்போன மாதிரி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"உங்களுக்குக் கடைக்கு நேரமாகலையா?"

"இங்க இன்னும் போணி ஆகலையே டீச்சர்," என்றாள் முட்டைக்காரி. நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.